இடது கம்பம்

வ்லாஸ்தா: காலை உள்ள இழு தம்பி. கதவைச் சாத்தணும்.

ரதோவான்: இது அநியாயம் அத்தை. அடிச்சது எங்க கோல்கீப்பர். தண்டனைக் கூண்டுல உட்கார்றது நானா?

வ்லாஸ்தா: அவனை இங்க உட்கார வச்சா வலையை யாரு காப்பா? அவனுக்குப் பதிலா ஒருத்தன் உட்காரணும். பதினோரு வருஷமா இந்தக் கதவைத் திறந்து மூடுறேன். ஐஸ் ஹாக்கியில இதுதான் சட்டம்.

ரதோவான்: சட்டம் தெரியும். ஆனா நான் எதுக்கு?

கோர்னெல்: டேய் ரதோவான், அத்தைகிட்ட ஏன்டா எரிஞ்சு விழுறே? உங்க கோல்கீப்பர்கிட்ட அடி வாங்கினவன் நானே வாயை மூடிட்டு இருக்கேன்.

ரதோவான்: நீ பேசாத கோர்னெல். நீ திருப்பித் தள்ளாம இருந்திருந்தா நாங்க மட்டும்தான் ஒரு ஆள் குறைஞ்சிருப்போம்னு... ச்சே, என்ன பேசுறேன்னே தெரியல.

கோர்னெல்: பாத்தீங்களா அத்தை, நான் தள்ளினதுல இவனுக்குத்தான் லாபம்.

வ்லாஸ்தா: ரெண்டு பேரும் கத்தாதீங்க. நடுவுல உட்கார்ந்திருக்கிற என் காதுதான் கிழியுது. இன்னும் ஒண்ணரை நிமிஷம்.

ரதோவான்: ஆட்டம் முடியவே நாலு நிமிஷம்தான் இருக்கு. மூணுக்கு மூணு. இறுதி ஆட்டம். இந்த வருஷத்தோட ஜூனியர்ல எனக்கு வயசும் முடியுது. நித்ரா ஊர்லேர்ந்து எங்கப்பா பஸ் புடிச்சு வந்து, நான் கண்ணாடிக்குள்ள உட்கார்ந்திருக்கிறதைப் பாக்குறாரு.

வ்லாஸ்தா: உங்க கோச்சுக்கு வேற ஆளா கிடைக்கல?

ரதோவான்: கோச் வாயே திறக்கல. தாலிபோர்தான் மட்டையை நீட்டி நேரா என்னைக் காட்டினான். குத்தம் பண்ணினவன் அவன், ஆளைக் காட்டுறதும் அவனா?

வ்லாஸ்தா: தாலிபோர்ங்கிறது உங்க கோல்கீப்பரா? சாதுவான பையனாச்சே. போட்டி பூரா ஒரு வார்த்தை பேசலியே. கோர்னெல்... நீ என்ன சொன்னே அவன்கிட்ட?

கோர்னெல்: நானா? ஒண்ணும் சொல்லல.

வ்லாஸ்தா: உன் உதடு அசைஞ்சதைப் பார்த்தேன்.

கோர்னெல்: அவன்கிட்ட பேசவே இல்ல அத்தை. கோல் கம்பத்துகிட்டதான் பேசினேன்.

வ்லாஸ்தா: கம்பத்துகிட்டயா?

கோர்னெல்: ஒவ்வொரு தடவை ஆட்டம் நிக்கும்போதும் அவன் இடது கம்பத்தை மூணு தட்டு தட்டி, "மிலெனா, பாத்துக்கோ"ன்னு முணுமுணுப்பான். நானும் மூணு தட்டு தட்டி, "மிலெனா, இவன் தூங்குறான், நீ என்கூட வந்துடு"ன்னேன். இதுக்குப் போய் முழங்கால்ல அடிப்பாங்களா?

ரதோவான்: அதைச் சொன்னியா நீ?

கோர்னெல்: ஏன்டா முழிக்கிறே? ரெண்டு டீமுக்கும் சேர்த்து நடந்த பிப்ரவரி முகாம்ல, ஒரே அறையில படுத்துக்கிட்டு, நீ சொன்ன கதைதானே.

ரதோவான்: மெதுவா பேசு.

வ்லாஸ்தா: அந்தப் பேரு வேற யாருக்குத் தெரியும்?

ரதோவான்: ...ஆட்டத்தைப் பாருங்க அத்தை.

வ்லாஸ்தா: இருபது செகண்ட். சிவப்புச் சட்டை அடிக்கிறான்... ஐயோ...

கோர்னெல்: கோல். எங்களுக்குக் கோல்.

வ்லாஸ்தா: இல்லப்பா, ரெஃப்ரீ கையை விரிக்கிறாரு. இடது கம்பத்துல பட்டு வெளியே வந்துடுச்சு. பையன் தப்பிச்சான்.

கோர்னெல்: கம்பமா? அட போங்க... அங்க பாருங்க அத்தை, அவன் கம்பத்தைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். அழுறானா என்ன? ஒரு காதலிக்கு இவ்வளவா?

வ்லாஸ்தா: ரெண்டு பேருக்கும் நேரம் முடிஞ்சுது. கதவு திறந்திருக்கு. போங்கப்பா... ரதோவான், நீ ஏன் உட்கார்ந்தே இருக்கே?

கோர்னெல்: இவ்வளவு நேரம் அநியாயம் அநியாயம்னு குதிச்சே. வாடா.

ரதோவான்: அன்னிக்கு முகாம்ல காதலியான்னு நீ கேட்டே, நீ சிரிக்கணும்னு நானும் ஆமான்னு தலையாட்டினேன். மிலெனா அவன் அம்மா, கோர்னெல். ஜனவரியில அவங்க சவப்பொட்டியைத் தூக்கின ஆறு பேர்ல நானும் ஒருத்தன்.