இரு தரப்பும் கேட்ட எங்கள் சார்ஜன் ஐயாவுக்கு

பனி படரும் மலையிலும் பணி தளராத பண்பாளரே! காக்கிச் சட்டைக்குள் கனிந்த நெஞ்சைக் காத்துவந்த கண்ணியரே! பூங்கந்தைப் பொலிஸ் நிலையத்தின் பெருமைக்குரிய சார்ஜன் கணேசமூர்த்தி அவர்களே! வணங்கி வாழ்த்துகிறோம்.

முப்பதாண்டுக்கும் மேலாகத் தாங்கள் ஆற்றிய அருந்தொண்டுகளை அடுக்கினால், அவையோர் கையிலுள்ள தேநீர் ஆறிவிடும். ஆகவே எங்களை மாற்றிய ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே சொல்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், அடைமழைக் காலையொன்றில், கொழுந்து பறிக்கும் ராக்காயி தம் கணவர் மூக்கனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். மூக்கனின் தோள் வீங்கியிருந்தது. "சந்தையில ஒங்க ஆளு ஒருத்தருதான் அடிச்சாருங்க. பேரு தெரியாது, பாத்தா தெரியும். இத எங்க போயி சொல்றது?" என்று அழுதார். பொலிஸார்மீது பொலிஸிலேயே முறைப்பாடா என்று நாங்கள் முகம் சுளித்தோம். தாங்களோ நாற்காலியை நகர்த்தி, "இங்கதாம்மா சொல்லணும். ஒக்காந்து சொல்லு" என்றீர்கள். அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டிய பின்னரே கைநாட்டு வாங்கினீர்கள்.

அன்று சந்தைக் காவலில் இருந்தவர் கான்ஸ்டபிள் ஜமால்தீன். அடித்தவர் அவரே என்று ஊர் கொதித்தது. மேலதிகாரி விசாரணையின்றியே அவரை வேலையிலிருந்து நீக்க முனைந்தார். "முறையிட அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு, மறுமொழி சொல்ல இவருக்கும் உண்டு. இருவரையும் கேட்காதது நீதியாகாது" என்று அவரிடம் சிங்களத்தில் அஞ்சாது வாதிட்டீர்கள்.

விசாரணை நடந்தது. அடையாளம் காட்டுவதற்காக நாங்கள் வரிசையாக நின்றோம். ராக்காயி ஜமால்தீனைப் பார்த்ததும், "ஐயோ, இந்த பொலிஸ் ராலாமி இல்லீங்க! இவருதான் ஓடியாந்து தூக்கிவிட்டவரு" என்றார். அன்று கடமை முடிந்து சந்தை வழியே சென்ற இன்னொருவரைக் காட்டினார். அவருக்கும் பேச இடம் கொடுத்தீர்கள். அவர் தலைகுனிந்து, ஆத்திரத்தில் அடித்ததை ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றார். ஜமால்தீன் எங்கள் முன்னிலையிலேயே விம்மி அழுதார்.

அவ்வாண்டு தங்களுக்கு வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. தங்கள் துணைவியார் பூரணி அம்மையார், "நீங்க வாயத் தொறந்து நம்ம சோத்துல மண்ணப் போடணுமா?" என்று தாம் கடிந்ததையும், "ஜமால்தீன் வீட்டு சோத்துல விழ இருந்த மண்ணுடி அது" என்று தாங்கள் சொன்னதையும் இன்று முறுவலுடன் எங்களிடம் கூறினார்.

ஆயினும் அயராத அண்ணலே! முறையிடுவோரின் மொழியிலேயே முறைப்பாடு எழுதப்படவும், குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸாருக்குக் குற்றத்தை அறிவித்து மறுமொழி கேட்கப்படவும் சட்டம் வேண்டுமென மேலிடத்துக்குத் தொடர்ந்து விண்ணப்பித்தீர்கள். ஆலோசிப்பதாக இம்முறை பதில் வந்திருக்கிறது. அது எந்நாள் சட்டமாகும் என்பதை நாங்கள் அறியோம். அதுவரை பூங்கந்தையில் அதுவே வழக்கமாக இருக்கும் என்று உறுதி கூறுகிறோம்.

ஓய்வு தங்களுக்கு உவகையாகட்டும்! உடல்நலமும் நீள்வாழ்வும் ஓங்கட்டும்! நாளைக் காலையிலிருந்து தங்கள் முறைப்பாட்டு மேசையில் ஜமால்தீன் அமர்வார்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத
பூங்கந்தைப் பொலிஸ் நிலைய ஊழியர்கள்
1964