கார்ல கட்டின பாவு

தப்புதான் சார், நான் இல்லன்னு சொல்லலியே. எவனாவது கார் பம்பருல பாவக் கட்டுவானா? எப்பவும் அந்த கரண்டு கம்பத்துலதான் கட்டுவோம். நேத்து நீங்க கம்பத்த மறச்சிகினு வண்டிய வுட்டுட்டீங்க. முத்துவேல் அண்ணன்தான், ஞாயித்துக்கெழம பேங்க்காரரு எங்க எந்திரிக்கப் போறாருன்னு சொல்லி அதுல கட்டிட்டாரு. நீங்க இன்னா சார், விடிஞ்சும் விடியாம கெளம்பிட்டீங்க.

சிரிக்கக் கூடாதுதான். ஆனா உங்க வண்டி பின்னாலயே மூணு கெழவனுங்களும் பாவப் புடிச்சிகினு, நிறுத்து நிறுத்துன்னு கத்திகினு தெருமொன வரைக்கும் ஓடினாங்க பாருங்க, எனக்கு இன்னும் வயிறு வலிக்குது. அய்யனாரு அண்ணனுக்கு வேட்டியே அவுந்துபோச்சு. மொதல்ல உள்ள வந்து குந்துங்க. காப்பி குடிச்சிட்டு அப்பாலிக்கா திட்டுங்க.

நீங்க எதிர் வூட்டுக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆவுது, வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. பாவுன்னா சேலைக்கு நீட்டுவாக்குல ஓடற பட்டு இழை. தறியில ஏத்தறதுக்கு முன்னால தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சித்தண்ணி காட்டி, வெயில் ஏர்றதுக்குள்ள ஜல்தியா சுருட்டிரணும். தனி ஆளா முடியாது. சேக்காளிங்க வரணும். இன்னிக்கு என் பாவுக்கு நீ, நாளைக்கு உன் பாவுக்கு நான்.

அய்யோ, முனிசிபாலிட்டிக்கெல்லாம் எழுதிப் போடாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மாசத்துல ஒரு காலையில தெரு அடையுது, பேஜார்தான், ஒத்துக்கறேன். ஆனா அத நிறுத்திட்டா நான் இன்னா பண்ணுவேன்?

சொல்றேன் கேளுங்க. எங்க வூட்டுக்காரரு சம்பந்தம், அப்பறம் ஜெகநாதன் அண்ணன், முத்துவேல் அண்ணன், அய்யனாரு அண்ணன். நாலு பேரும் அர டவுசர் போட்ட காலத்துலேர்ந்து ஒண்ணு. அதுல யாரு பாவு நீட்டினாலும் நாலு பேரும் இருப்பாங்க. வேல கால்வாசி, சண்ட முக்காவாசி. இவரு போனாரு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது, அதோட ஒருத்தரும் வரல. கோவம் இல்ல சார். புருஷன் இல்லாத வூட்டுக்கு ஆம்பளைங்க எப்பிடி சும்மா வருவாங்க? ஒருவாட்டி ஜெகநாதன் அண்ணன் வந்தாரு. வாசப்படி தாண்டல. நல்லாக்கீறியாம்மான்னாரு, ஒரு சீப்பு வாழப்பழத்தக் குடுத்தாரு, ஓடியே போயிட்டாரு. அதுக்கே மூணாவது வூட்டு சின்னம்மாள், இன்னாடி விசேஷம்னு வந்து நின்னா. பழத்துல பாதிய அவளே தின்னுட்டுப் போனா.

போன்லயா? நல்லா சொன்னீங்க. முத்துவேல் அண்ணனுக்கு தறி சத்தத்துல காது அவுட்டு. ஜெகநாதன் அண்ணன் அலோ சொன்ன ஒடனே, சரி வெச்சிடட்டுமான்னுவாரு. அய்யனாரு அண்ணன் தெனம் ஒரு ரோசாப்பூவுல குட் மார்னிங் அனுப்புவாரு. அத வெச்சிகினு இன்னா பேசறது?

அப்பதான் யோசன வந்துது. பாவு நீட்டணும் அண்ணா, ஆளு இல்லன்னு போன் போட்டேன். மூணு பேரும் பறந்துகினு வந்துட்டாங்க. நடுத்தெருவுல, ஊரே பாக்க வேல செஞ்சா எவ வாயத் தொறப்பா? முடிச்சிட்டு உள்ள குந்தி இட்லியும் கறிக்கொழம்பும். பாவுக்கு வந்தவங்களுக்கு சோறு போடறது மொற, யாரும் கேக்க முடியாது.

அப்ப பேசுவாங்க பாருங்க, அந்தப் பேச்சு எனக்கு வேணும் சார். அவர பேரு சொல்லி, டேய்னு கூப்பிட இந்த ஒலகத்துல இவங்கதான் மிச்சம். எம் புள்ள ஹேமநாத்து பெங்களூருலேர்ந்து போன் பண்ணா, அப்பா படத்துக்கு மால போட்டியான்றதோட சரி. இவங்க சொல்லிதான் தெரியுது, பெரணமல்லூர் கூத்துல அவரு பொம்பள வேஷம் கட்டினாராம். வெளியூருக்கெல்லாம் பட்டுச் சேல நெய்ஞ்சு குடுத்த மனுஷன், எனக்கு ஒண்ணு கட்டி அழகு பாக்கல, தான் கட்டிகினு ஆடியிருக்காரு! அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல கொழம்பு தீஞ்சுபோச்சு. படுத்ததும் அழுதேன், அது வேற.

இன்னா சார் சுத்திச் சுத்திப் பாக்கறீங்க? தறியா? தோ, அந்த பிரிட்ஜு நிக்குதே, அங்கதான் இருந்துது. அவரு தவறின அந்த வருசமே வித்துட்டேன். தறிக்குழிய மூடி சிமெண்ட்டு பூசியாச்சு. எனக்கு நெய்யத் தெரியாது சார்.

இது அவரு கடைசியா ஏத்தறதுக்கு வெச்சிருந்த பாவு. அதையேதான் மாசா மாசம் நீட்டறேன், சுருட்டறேன், பரண்ல போடறேன். கஞ்சி குடிச்சிக் குடிச்சி பட்டு தேங்கா நாரு மாதிரி ஆயிட்டுது.

வெளிய கூலிக்குக் குடுத்து நெய்யறேன்னு அண்ணனுங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இது அதே பாவுன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னுதான் சார் நானும் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். இன்னிக்கு உங்க வண்டி இழுத்ததுல நெறைய இழை அறுந்துபோயிடுச்சு. ஜெகநாதன் அண்ணன் இட்லி கூட வேணாம்னுட்டு, கண்ணாடிய மாட்டிகினு ஒவ்வொண்ணா முடி போட்டாரு. இப்பதான், செருப்ப மாட்டிகினே சொல்லிட்டுப் போறாரு, இனிமே கஞ்சி போடாத பரிமளா, வெறும் தண்ணி தெளிச்சாப் போதும், இன்னும் ரொம்ப நாளைக்கு வரும்னு.