பட்டியலில் வராத லிசனர்

கையெழுத்தான அன்றைக்கு எங்கள் மென்பொருள் அலுவலக அறையில் நாலு பேர் இருந்தோம்: குழுத் தலைவர், எல்லோரும் ‘பூதக்கண்ணாடி’ என்று கூப்பிடும் தணிக்கையாளர், காப்பகத்திலிருந்து வந்த மேலாளர் அம்மா, நான். ஏசி வேலை செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்களுக்கான காப்பகம் அது. நாலு வீடுகள். அங்கிருந்தபடியே வக்கீலுக்கும் டாக்டருக்கும் எழுத ஓர் இணையதளம் கேட்டார்கள். ஜாவாவில் கட்டினோம். வீடுகளுக்கு இணைப்பு பொருத்தியதும் நாங்கள்தான். அதனால் முகவரிகள் தெரியும். யார் எந்த வீட்டில் என்பதுதான் தெரியாது. அதைக் குறித்துவைக்கவும் கூடாது என்று ஒப்பந்தம்.

நான் ஒரு லிசனர் எழுதினேன். பெரிய வித்தை இல்லை. தளத்துக்கு ஒரு கோரிக்கை வந்தால் சர்வர் முதலில் அதற்குச் சொல்லும். யார், எந்த இணைப்பிலிருந்து என்பதை அது குறித்துக்கொள்ளும். முன்பெல்லாம் இப்படி ஒன்றை வைத்தால் எக்ஸ்எம்எல் கோப்பு என்கிற பட்டியலில் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும். இப்போது நிரலின் தலையில் ‘வெப்லிசனர்’ என்று ஒரு குறி போட்டால் போதும். சர்வர் தானே தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளும்.

பூதக்கண்ணாடி பழைய ஆள். எக்ஸ்எம்எல்லில் இல்லாதது அவருக்கு உலகத்திலேயே இல்லை.

“என்னப்பா, லிசனர் பகுதியே காலியா கிடக்கு?”

“தேவைப்படல சார்.”

“உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா நான் அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவேன்.”

மேலாளர் அம்மா சிரித்தார். “அப்ப நம்பிக் கையெழுத்துப் போடலாமா?”

“கண்ண மூடிக்கிட்டுப் போடுங்கம்மா.”

அப்படியே போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என் அக்கா அந்த நாலு வீடுகளில் ஒன்றில் இருந்தாள். அத்தானுக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். ஒருமுறை அவள் தாடை விலகியது, ஒருமுறை விலா எலும்பு. மற்றபடி தங்கமான மனிதர். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவள் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

“எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு மச்சான். மத்தத நான் பேசிக்கிறேன்” என்றார்.

தளம் திறந்த பதினோராம் நாள் அக்கா பல் டாக்டருக்கு எழுதினாள். மூன்றாவது வீடு. காலை பத்து மணிக்கு அந்த வீட்டிலிருந்து வேறு யாரும் எழுதுவதில்லை என்பதையும் லிசனர் சொன்னது. மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். என்னைக் கேட்டால், அது நன்றாக எழுதப்பட்ட நிரல்.

செவ்வாய்க்கிழமை அத்தானோடு போனேன். கூப்பிட்டது நான். என் குரல் என்பதால்தான் திறந்தாள்.

“தம்பி! எப்படிடா கண்டுபிடிச்ச? மெலிஞ்சு போயிட்டியேடா.”

அப்புறம்தான் என் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

அவர் வெறுங்கையோடு போனதாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. தவறு. கையில் இருந்ததன் மேல் காரிலேயே துண்டைச் சுற்றிக் கொடுத்தேன், பார்த்ததும் அவள் பயந்துவிடக் கூடாதே என்று.

ஒரு விரல்கூட நான் அவள் மேல் வைத்ததில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சில் கூடப்பிறந்தவன் தலையிடுவது நாகரிகமில்லை. கதவில் தொங்கிய சாவியை உருவிக்கொண்டேன். அவர் உள்ளே போனதும், யாரும் குறுக்கே வந்து தொந்தரவு செய்யாதபடி, கதவைச் சாத்தி வெளியிலிருந்து பூட்டினேன்.