தெய்வாத்தாள் டீச்சர் எரியாத சுவர் கேட்ட பேச்சு

எத்தனை பேர் குறுக்கே பேசினாலும் முகம் சுளிக்காத எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் சென்னிமலை ஐயா அவர்களே, கணினியும் கையுமாக வந்திருக்கும் செயலாளர் தம்பி கிருபாசங்கர் அவர்களே, முழங்கால் வலியை மறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, இந்தப் பந்தலுக்காகத் தங்கள் கார்களை வெயிலில் நிறுத்திய வள்ளல்களே! முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்து ஓய்ந்த, மூன்றாம் மாடித் தெய்வாத்தாளின் வணக்கம்.

"மைக் கெடச்சா டீச்சர் உடமாட்டாங்க" என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. உண்மைதான் கண்ணு. ஆனால் இன்று எனக்கே இந்த மைக்கைப் பிடிக்கப் பயமாக இருக்கிறது.

நம் முன்னே நிற்கும் கேள்வி என்ன? நம் கட்டடத்தின் மேல் இனி எதைப் போர்த்துவது என்பதுதானே! சென்ற தீபாவளியன்று அந்தியில், எல்லோரும் கீழே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கையில், எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று முதல் மாடி இடுக்கில் செருகிக்கொண்டது. முகப்பு மினுங்க நாம் ஆசை ஆசையாக ஒட்டிய ஏசிபி என்ற அலுமினியத் தகடு எரிந்தது. தகட்டுக்குப் பின்னே, வெயில் தணிக்க என்று வைத்த தெர்மாகோல் எரிந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த சந்து புகைபோக்கியாகி, தீ விறுவிறுவென்று மேலே ஏறியது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் முகப்பு முழுதும் கரிந்துபோனது.

அந்தத் தகட்டை யார் தேர்ந்தெடுத்தது? நாம்தான்! இதே இடத்தில், இதே போன்ற கூட்டத்தில்! தம்பி கிருபாசங்கர் மாதிரித் துண்டை உயர்த்திப் பிடித்து, பளபளக்கும் முகத்தில் லைட்டரைக் காட்டினார். எரியவில்லை. கைதட்டினோம். முதலில் தட்டியது யார்? இந்தத் தெய்வாத்தாள்! "காந்திபுரத்து ஜவுளிக்கடை மாதிரி மினுக்குது" என்று மெச்சியதும் நானே.

கரிந்ததைக் கழற்ற வந்த ஃபிட்டர் மாசாணம்தான் என் கண்ணைத் திறந்தார். ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"டீச்சரம்மா, மூஞ்சியப் பாத்து ஏமாந்துபோட்டீங்க. ஓரத்தப் பாருங்க. ரெண்டு தகட்டுக்கு நடுவால இருக்கறது வெறும் பிளாஸ்டிக்குங்க" என்றார்.

பொண்ணு பார்க்கப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கிற ஊரில் பிறந்த நாம், சுவரின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கவில்லையே! பின்னே எதை வைப்பது என்று அவரிடமே கேட்டேன். ராக் ஊல் என்றார். பாறையை உருக்கி, பஞ்சாக இழுத்து, பலகையாக அழுத்தியது. வெயிலையும் தடுக்கும், தீயிலும் எரியாது. பஞ்சோடு பிறந்து பஞ்சோடு வளர்ந்த கோயம்புத்தூருக்கு எரியாத பஞ்சு ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்று!

ஆனால் இன்று மேசை மீதிருக்கும் தீர்மானம் என்ன சொல்கிறது? மறுபடி தெர்மாகோல்! தீயடக்கும் மருந்து சேர்த்ததாம். மருந்து சேர்த்தால் பற்றுவது தாமதமாகும். ஆனால் பெருந்தீ வந்து பிடித்தால் அதுவும் எரியும் ஐயா! இதைச் சொன்னதற்குச் செயலாளர் தம்பி போன கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்?

"மூணே மாடிங்க டீச்சர். அன்னைக்கு உள்ள ஒரு ஆளுமில்லீங்க. ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. இதுக்குப் போயி எதுக்குங்க ராக் ஊலு?"

எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. ஏன் தெரியுமா? அந்த வாதத்தை உடைக்க ஒரே ஒரு உண்மைதான் உண்டு. அதைச் சொன்னால் என் மானம் போகும். பத்து மாதமாக மானத்தைக் காத்தேன். இன்று போகட்டும்.

அன்று உள்ளே ஆள் இருந்தது. நான் இருந்தேன்.

சத்தம் வேண்டாம், சொல்லி முடித்துவிடுகிறேன். தாராபுரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகிறேன் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன் அல்லவா? அவன் கூப்பிடவில்லை. கோபமெல்லாம் இல்லை, மறந்துவிட்டான். கணவர் போன பின் வரும் முதல் தீபாவளி. "கூப்பிடவில்லையா டீச்சர்?" என்று நீங்கள் பரிதாபப்படுவதை என்னால் தாங்க முடியாது. அதனால் பை தூக்கி முன்வாசலில் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு, பின்வாசல் வழியாக ஏறி வந்தேன். ஜன்னலைச் சாத்தினேன். விளக்கைப் போடவில்லை. குக்கர் விசில் வெளியே கேட்குமென்று இரண்டு நாள் ரொட்டியும் பாலுமாகக் கிடந்தேன். நீங்கள் பட்டாசு வெடிப்பதை, சிரிப்பதை, இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

முகப்புக் கண்ணாடி வெடித்தது. புகை புகுந்தது. சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன். கீழே தீயணைப்புக்காரர் ஒருவர், "மேல யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்கிறார். தரைத்தளத்து நஃபீசா சொல்கிறாள்:

"டீச்சரம்மா தாராபுரம் போயிட்டாங்க. ஆருமில்லீங்க."

அழாதே அம்மணி! உன்மேல் என்ன பிழை? நீ நம்பிய பொய் நான் சொன்னது. கத்தியிருக்கலாம் அல்லவா நான்? கத்தவில்லை! உயிர் போகிற நேரத்திலும் கத்த வெட்கமாக இருந்தது! ஈரத் துண்டை முகத்தில் சுற்றி, புகைக்குள் மாடிப்படிக் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினேன். அதே பின்வாசல் வழியாக வெளியேறி, காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் இருமிக்கொண்டு கிடந்தேன். திரும்பும்போது உங்களுக்கெல்லாம் மைசூர்பா கொடுத்தேனே, "மருமக செஞ்சதுங்க" என்று? பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. நல்லாருக்கு என்று சாப்பிட்டீர்கள்.

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் யோசியுங்கள்! மூன்றே மாடி என்கிறோம். முழங்கால் பிடித்தவளுக்கு மூன்று மாடி எத்தனை மாடி? நாளை காய்ச்சலில் ஒருவர் படுத்திருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கதவைச் சாத்தியிருக்கலாம், கணவனோடு சண்டையிட்டு ஒருத்தி யாருக்கும் சொல்லாமல் படுத்திருக்கலாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அது தெரியாமலே காக்கிற சுவர் வேண்டும்! ராக் ஊல் வேண்டும்! நடுவில் பிளாஸ்டிக் இல்லாத தகடு வேண்டும்! மாடிக்கு மாடி, தகட்டுக்குப் பின்னுள்ள அந்தச் சந்தை அடைக்கிற தீத்தடுப்பு வேண்டும்! சோதனைச் சான்றிதழை ஓரம் திருப்பிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற செயலாளர் வேண்டும்! தம்பி தலையாட்டுகிறார், மகிழ்ச்சி.

தலைவர் ஐயா, கை தூக்கச் சொல்வதற்கு முன் ஒரு விண்ணப்பம். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் "விபத்தின்போது கட்டடத்தில் எவருமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். இனிஷியலோடு எழுதுங்கள்.

நஃபீசா எழுந்து நிற்கிறாள். என்ன கண்ணு? ... "இந்தத் தீபாவளிக்கும் எங்கயும் போகாதீங்க, நம்மூட்டுக்கு வாங்க" என்கிறாள். வாரேன் அம்மணி, கட்டாயம் வாரேன்.

விடைபெறுகிறேன். வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகியவள் நான். இத்தனை பேர் இத்தனை நேரம் எழுந்து போகாமல் கேட்டீர்கள். தீர்மானம் எப்படிப் போனாலும் சரி, அதற்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கமுங்க.