பொம்மைக்குக் குரல் கொடுத்தவள்

பள்ளிக்கூடத்துக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் முதலில் போவது ஹெட்போன்தான். அதிலும் ஒரு காது மட்டும் போகும். பிள்ளைகள் ஒயரைப் பிடித்து இழுப்பார்கள், பஞ்சைப் பிய்த்து உருட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவன் சட்டைக்குள் போடுவார்கள். புதிதாக வாங்கித் தரச் சொல்லித் தலைமையாசிரியை முன் போய் நிற்கும்போதெல்லாம், "பசங்க அதத் திங்கிறாங்களா சார்?" என்பார். நானும் சிரித்து வைப்பேன். அவருக்கு என்மேல் நல்ல மதிப்பு உண்டு, போன மாதம்வரை.

விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் நடந்தது புரியும். நான் எட்டாம் வகுப்புக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறவன். கேமரா கிடையாது. கணினிக்குள் ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறது. அதில் பிள்ளைகளே தெரு போடுவார்கள், கடை கட்டுவார்கள், மழையும் பெய்ய வைப்பார்கள். ஆளுக்கொரு உருவம் செய்து அதை நடக்க விடுவார்கள். அதற்குப் பொம்மை என்று பெயர் வைத்தது அவர்கள்தான். ஒரு பிள்ளையின் பொம்மை மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்ப்பதுதான் படம். பிறகு மைக் முன்னால் உட்கார்ந்து அவரவர் பொம்மைக்குக் குரல் கொடுப்பார்கள். நான் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அந்த உலகத்துக்குள் போனால் ராஜநடை நடப்பார்கள். என் மகளை அதில் சேர்த்தது அதற்காகத்தான்.

அவளுக்குத் திக்கும். முதல் எழுத்தில் மாட்டிக்கொள்வாள். தப்பித்து வந்தால் கடைசி எழுத்துக்கு முன்னால் இழுப்பாள். நான் ஒருநாளும் அவளைக் கஷ்டப்பட விட்டதில்லை. அவள் ஆரம்பித்ததுமே என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும், வாக்கியத்தை நானே முடித்துவிடுவேன். "அவ சொல்லட்டுமே, அப்படி என்ன பஸ்ஸ விடப் போறீங்க?" என்று மனைவி முணுமுணுப்பாள். பெற்ற வயிறு என்கிறார்கள், பெற்ற காது என்று ஒன்று இருப்பதை யாரும் யோசிப்பதில்லை.

மகளுக்குப் பக்கத்துக் கணினியில் ஒருத்தி உட்காருவாள். வகுப்பில் அவளுக்குப் பெயரே ரேடியோ. வாய் ஓயாது. வீட்டுப் பாடம், எதிர் வீட்டுப் பூனை, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அம்மா சொன்ன கதை எல்லாம் ஒரே மூச்சில் வரும். என் மகள் தலையை ஆட்டிக்கொண்டே தெரு போடுவாள். இரண்டும் ஒட்டிக்கொண்டு திரிந்தன. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆண்டு விழாவில் அவர்கள் எடுத்த படத்தைப் போட்டார்கள். காட்சிகளை நான் பார்த்துச் சரிசெய்திருந்தேன். குரல் சேர்த்த நாட்களில் நான் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்ததால் அதைப் பிள்ளைகளே செய்து முடித்திருந்தார்கள். அரங்கு நிறையப் பெற்றோர்கள். திரையில் என் மகளின் பொம்மை வந்தது. அதே இரட்டைப் பின்னல், அதே நீலச் சட்டை. தொலைந்துபோன சைக்கிளைத் தேடும் பெண்ணாக வந்து, கடைக்காரனிடம் வாயைத் திறந்தது. "எ... எ... என்னோட சை... சைக்கிளப் பா... பாத்தீங்காஆஆ... ளா?"

குரல் ரேடியோவுடையது. திக்கல் என் மகளுடையது. ஓர் இழுப்பு விடாமல் அப்படியே இருந்தது.

அரங்கம் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் திரும்பி என் மகளைத் தேடினேன். சுவரோரம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் ரேடியோ அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். செய்வதையும் செய்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுக்கும் அந்தக் கையைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். கோபம் வீடு போய்ச் சேர்வதற்குள் தணிந்துவிட்டது. முடிவுதான் அப்படியே இருந்தது.

மகளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். பாவம், அதற்கு ஒரு பாடு படுவாள்.

அடுத்த பருவத்தில் புதுப் படம் ஆரம்பித்தோம். ரேடியோவுக்குத்தான் பெரிய வேடம், ராணி வேடம் கொடுத்தேன். ஊரே அவள் மாளிகைக்குக் கீழே இருக்கும். ஜன்னலில் நின்று ஊராரை ஒவ்வொருவராக ஏசுவாள். வசனம் நான் எழுதினேன். "சார், எனக்கா? நிஜமாவா சார்?" என்று குதித்தாள். அவள் அம்மா என்னைப் பள்ளி வாசலில் பார்த்து நன்றி சொன்னார்.

ஆசிரியனுக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பல விஷயங்கள் தெரியும். ஒருத்தியின் அப்பா வீட்டைவிட்டுப் போனது, ஒருவன் சுற்றுலாவில் படுக்கையை நனைத்தது, ஒருத்தியின் தலையில் முடி கொட்டுவது. பெற்றோர்கள் நம்பிக்கையோடு வந்து சொல்வார்கள். அதையெல்லாம் நான் பேக்கரிக்காரி, தோட்டக்காரன், தையற்காரி என்று ஊராருக்குப் பிரித்துக் கொடுத்தேன். அந்த வசனங்களை மட்டும் ரேடியோவை வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்துத் தனியாகப் பதிவு செய்தேன்.

"ராணி மாதிரிப் பேச வேண்டாம்மா. போன்ல ஃப்ரெண்டுகிட்டப் பேசற மாதிரி சாதாரணமாச் சொல்லு."

"பேக்கரிக்காரி இருக்காளே, அவங்கப்பா ஓடிப்போனதே அவ மூஞ்சியப் பாத்துதான். இப்படியா சார்?"

"கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல குரல்வளம். இரண்டாவது முறை கேட்க வேண்டிய அவசியமே வராது. கடைசியில் நடித்தவர்களின் பெயர்களையும் அவளையே வாசிக்கச் சொன்னேன். படம் முடியும்போது போடுகிற பெயர் வரிசை என்றதும் அவளுக்கு ஒரே பெருமை. வகுப்பிலுள்ள அத்தனை பேரின் பெயர்களும் அவள் குரலில் எனக்குக் கிடைத்தன.

மிச்சம் உங்களுக்கே தெரியும். பேக்கரிக்காரி இருந்த இடத்தில் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பெயரை ஒட்டினேன், தோட்டக்காரன் இருந்த இடத்தில் இன்னொரு பெயர். பின்னணியில் மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் சேர்த்தேன்; வீட்டில் உட்கார்ந்து யாருக்கோ பேசி அனுப்பியது போல வந்துவிட்டது. கணினியில் பிள்ளைகள் குரல்களைப் போட்டுவைக்கிற பொது ஃபோல்டரில், அவளே தவறிப்போய் விட்டுவிட்ட மாதிரி, அவள் பெயரில் வைத்துவிட்டு வந்தேன். இடைவேளை மணி அடித்து, அது முடிகிற மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது.

அவள் மேல் யாரும் கை வைக்கவில்லை. அப்படி நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவள் பேச வந்தால் எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். மெய்நிகர் உலகத்தில் அவள் பொம்மை போகிற தெருவிலெல்லாம் கதவுகள் சாத்தப்பட்டன. அவளது மாளிகையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். நான் வகுப்பின் பின்னால் நின்று திரையில் பார்த்தேன். மனசு குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

"இது சினிமா டயலாக் மேடம், சார் எழுதினது" என்று தலைமையாசிரியையிடம் அழுதாளாம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். நான் வசனத் தாளைக் காட்டினேன். அதில் ராணி மழையையும் நாய்களையும்தான் ஏசுகிறாள். அந்தத் தாளை எப்போது எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. "அதிகமாப் பேசற புள்ள, எங்கயாவது மாட்டும்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு அவள் அம்மா வந்தார். வேலைக்கு அணியும் சீருடையோடு கணினி அறை வாசலில் நின்றார்.

"பேச்சே நின்னுபோச்சு சார். என்ன கேட்டாலும் தலையத்தான் ஆட்டறா. வீடே எப்படியோ இருக்கு. நீங்க சொன்னாக் கேப்பா சார், உங்கமேல அவளுக்கு அவ்ளோ மரியாத."

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வளருகிற வயசு, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன். மனைவிகூடக் கேட்டாள், என்ன விசேஷம் என்று.

சாப்பிட்டு முடித்தபோதுதான் மகள் பேச ஆரம்பித்தாள்.

"அ... அ... அப்பா. அவ அப்படிப் பே... பேச மாட்டா."

"ஒன்ன ஊர் சிரிக்க வச்சாளே, மறந்துட்டியா?"

அவள் இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினாள். மனைவி எழுந்து போய் டிவியை நிறுத்தினாள்.

"நா... நா... நான்தான் சொன்னேன். எ... என் பொம்ம எ... என்ன மாதிரிதான் பே... பேசணும்னு. அவ மா... மாட்டேன்னு அழுதா. நான்தான் ப... பழக்கிக் குடுத்தேன். எனக்கு மை... மைக் முன்னால வராது. அவ எ... எனக்காக..."

அவள் பேசி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். முடித்துக் கொடுக்க முடியவில்லை. அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்களே" என்றேன்.

"நா... நானும் சிரிச்சேன்பா. சை... சைக்கிள் அவன் த... தலைக்கு மேலதான தொங்கிச்சு. அதுக்குத்தான் சி... சிரிச்சாங்க."

உண்மைதான். அந்தக் காட்சியில் கடைக்காரனின் தலைக்கு மேல் ஆணியில் ஒரு சைக்கிள் தொங்கும். நானே பார்த்துச் சரிசெய்த காட்சி.

அன்று தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். நான் தூங்கினேன். ஏனென்றால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் மகளுக்குப் பெரிய மனசு. தன்னை அவமானப்படுத்தியவளைக் காப்பாற்றத் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் இன்னும் கூடுதலாகத் துணை நிற்க வேண்டியிருந்தது.

தன் மகள் அப்படிப் பேசியிருக்க மாட்டாள் என்று ரேடியோவின் அம்மா கொடுத்த புகாரின் பேரில் உங்கள் அலுவலகம் மாணவிகளிடம் வாக்குமூலம் கேட்டது. எழுதித் தந்தால் போதும் என்றார்கள். என் மகள் பேசித்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கணினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக் முன்னால், தனியாக உட்கார்ந்து பேசினாள். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அ... அனுப்பிடுங்கப்பா" என்றாள். அவள் என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தது அதுவே முதல் தடவை.

அதில் அவள் கடைசியாகச் சொன்னது இது: "அவ என்னக் கி... கிண்டல் பண்ணாஆஆ... ல."

கடைசி எழுத்துக்கு முன்னால் இழுப்பாள் என்று சொன்னேன் அல்லவா, 'பண்ணல' அப்படித்தான் நீண்டது. முன்னால் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, அதன் முடிவில் நின்ற 'ல'வை மட்டும் வெட்டினேன். ஒரே ஓர் எழுத்து. உங்களுக்குக் கேட்டது, "அவ என்னக் கிண்டல் பண்ணா." ஒரு திக்குவாய்ப் பிள்ளை அவ்வளவு பாடுபட்டுச் சொன்னதை யார் சந்தேகப்படுவார்கள்? நீங்களும் படவில்லை. மற்ற பிள்ளைகளைக் கேலி செய்யும் வழக்கம் அந்த மாணவிக்கு முன்பே இருந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் தன் அம்மாவோடு வாசலைத் தாண்டிப் போகும்போது என் மகள் பின்னாலேயே ஓடினாள். இவள் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

தன் வாக்குமூலத்தைத் தனக்கே போட்டுக் காட்டும்படி அவள் தலைமையாசிரியையிடம் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டிருக்கிறாள். பிறகு உங்களிடமும் வந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்களோ, அதற்கு நன்றி.

ஆக, ரேடியோவின் குரலை வெட்டி ஒட்டியவன் நான். வசனத் தாளை மாற்றியவன் நான். என் மகளின் வாக்குமூலத்தில் கை வைத்தவனும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. வேலை போகும், வழக்கு வரும், தெரியும்.

நீங்கள் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் திருத்த வேண்டும். என் மகள் என்மேல் கோபமாக இருப்பதாகவும், அதனால்தான் அம்மாவோடு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகவும், என்னிடம் இனிப் பேசப் போவதில்லை என்று உங்களிடம் சொன்னதாகவும் குறிப்பிட்டீர்கள். அது தவறான தகவல். அவள் பேசியது என்னிடம் இருக்கிறது. இந்த வாக்குமூலத்தோடு இணைத்திருக்கிறேன். "அப்பா, நீங்க எனக்காகத்தான் செஞ்சீங்க. எனக்குக் கோபம் இல்ல." அவள் குரல்தான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'கோபம்' என்ற சொல் கிடைக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன்; அவள் கடைசியாகப் போனில் பேசி அனுப்பிய குரல் செய்தியில்தான் அது இருந்தது. 'இல்ல' நிறையவே இருந்தது. தினமும் போட்டுக் கேட்கிறேன். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.