பற்றவைக்காத சுருட்டு

அருமைநாதன் கொடுக்க வேண்டியிருந்தது முந்நூற்று நாற்பது டொலர். அதைக் கடனாகக் கொடுத்தவர் செத்து எட்டு நாளாகியிருந்தது.

இதைச் சொன்னது எங்களோடு கோழித் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கும் யோகேந்திரன். அருமைநாதன் அவனுடைய மனைவியின் தம்பி. உறைமழைக்குக் கரண்ட் போன இரவு, லவால் நகரில் யோகேந்திரன் வீட்டுக் குசினியில், ஒரு மெழுகுதிரியைச் சுற்றி நாலு பேர் நெருக்கிக்கொண்டிருந்தோம். நடுவில் ஊரிலிருந்து வந்த சுருட்டுப் பெட்டி. வெளியே போய் விறைக்காமல் வீட்டுக்குள் இருந்து சுருட்டுப் பத்துகிற சுகமே வேறு. மரியதாசன் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "நெருப்பிருக்கோ?" என்று கேட்டான்.

யோகேந்திரன் லைட்டரைக் கொடுத்தான். "இதை ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றான். பிறகுதான் கதையைத் தொடங்கினான்.

தை மாதக் கடைசி. இரவு எட்டு மணி இருக்கும். மைனஸ் இருபத்தெட்டு. ஆக்காடி மெட்ரோவில் இறங்கி அருமைநாதன் தனியாக நடக்கிறான். றோட்டுக்கு ஒரு பக்கம் நீளமான கம்பி வேலி, மறுபக்கம் பூட்டின கடைகள். ஒரு கார் இல்லை. கையில் பை. பைக்குள் அக்கா வீட்டில் சமைத்த புட்டு, மீன் பொரியல், ஒரு சின்னப் போத்தல் சாராயம், ஒரு சுருட்டு.

அன்று தியாகலிங்கம் அண்ணைக்கு எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கவேண்டும். அவருக்கு இங்கே வேறு ஒருவரும் இல்லை. மனைவி இலட்சுமிப்பிள்ளை திருகோணமலையில். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே அறையில் அவரோடு இருந்தவன் அருமைநாதன்தான்.

வந்த முதல் பனிக்கு இவனுக்கு ஜக்கெற்றும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்தக் காசுதான் முந்நூற்று நாற்பது. "வசதிப்படேக்கை தா" என்றார். பிறகு கேட்கவில்லை. இவனும் கொடுக்கவில்லை. அவர் செத்த பிறகு, இது தெரிந்த ஆள் இனி இல்லை என்று இருந்துவிட்டான்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை இரவில் ஒரு சுருட்டு. ஹீற்றர் பக்கம் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஆறுதலாக. "வீடு நாறுது அண்ணை, வெளியிலை போய்ப் பத்துங்கோ" என்று துரத்தியவன் அருமைநாதன். அவர் எழும்பிப் பால்கனிக்குப் போவார். மூன்றாம் மாடி. கீழே இறங்கப் படி இல்லாத பால்கனி. சில இரவுகளில் இவன் கதவின் கொக்கியைப் போட்டுவிட்டு நித்திரையாகிவிடுவான். அவர் மோதிரத்தால் கண்ணாடியில் தட்டுவார். டொக்... டொக். சத்தமாகத் தட்டவும் மாட்டார். அந்தக் குளிர் நெஞ்சில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவில்லை.

சரி... நடந்து வருகிறான். அந்தக் குளிரில் கால் வைக்கும் இடமெல்லாம் பனி கிறீச்சென்று கத்தும். கிறீச்... கிறீச்... அவனுடைய கால் மட்டும்தான். காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

"தம்பி... நெருப்பிருக்கோ?"

கற்பூரம் கொளுத்த வாங்கின லைட்டர் களிசான் பொக்கற்றில் கிடந்தது. விறைக்கும் என்று கையுறையைக் கழற்றப் பஞ்சி. திரும்பிப் பாராமல், "இல்லை அண்ணை" என்றான். நாலடி போன பிறகுதான் யோசித்தான். அந்த ஆள் தமிழில் கேட்டது. பின்னால் பனி கத்தவே இல்லை... திரும்பினான். வேலி. வெறும் றோட்டு. நனைந்த புகையிலை மணம்.

"குளிருக்கு மூளை விறைச்சிருக்கும்" என்றான் மரியதாசன்.

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். பொறு."

வீட்டுக்கு வந்து கதிரைக்கு முன்னால் எல்லாம் படைத்தான். ஒரு சின்னக் கற்பூரத் துண்டைக் கொளுத்தினான். சுருட்டை மட்டும் பற்றவைக்கவில்லை. ஊரில் என்றால் பற்றவைத்துத்தான் வைப்பார்கள். இங்கே கூரையில் புகை மணி அலறும். முன்கதவால் வெளியே போனால் அதே மாடியில் எதிர்வீட்டில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் மணத்தைப் பிடித்துக்கொண்டு ஏன், எதற்கு என்பார். அதனால் லைட்டை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனான். ஐந்து நிமிடம்தானே என்று ஜக்கெற்றைப் போடவில்லை. போனையும் உள்ளே விட்டுவிட்டான்.

கதவைச் சாத்தினான்.

டக்.

உள்ளே கொக்கி விழுந்த சத்தம்.

இழுத்தான். அசையவில்லை. தட்டினான். கத்தினான். எல்லா ஜன்னலும் குளிருக்கு இறுக்கி மூடிக் கிடந்தன. ஒரு திரைகூட விலகவில்லை. மூக்கு மயிர் உறைந்து குத்தியது. காது எரிந்தது. பிறகு எரியவும் இல்லை... அதுதான் பயம். இன்னும் கால் மணித்தியாலம் நின்றால் விடியத்தான் கண்டெடுப்பார்கள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

அப்போது உள்ளே கற்பூரம் அணைந்தது. இருட்டு. கதிரை கிரீச்சிட்டது, ஆள் இருக்கும்போது கிரீச்சிடுவதுபோல. பிறகு ஒரு சத்தம். ப்ச்... ப்ச்... ப்ச்... நெருப்பில்லாத சுருட்டை உதட்டால் இழுக்கும் சத்தம்.

கண்ணாடியில், உள்பக்கம், அவன் முகத்துக்கு நேரே வட்டமாக மூச்சுப் படிந்தது. சூடான வீட்டில் அந்த மூச்சு பூப்பூவாக உறைந்தது.

"தம்பி... நெருப்பிருக்கோ?"

அருமைநாதன் லைட்டரை எடுத்தான். அடித்தான். பொறி மட்டும். குளிரில் காஸ் வரவில்லை. அக்குளுக்குள் வைத்து அமத்தினான். விரல் தன்னுடையது இல்லைப்போல இருந்தது. திரும்ப அடித்தான். இல்லை. உள்ளே இழுக்கும் சத்தம் கிட்ட வந்தது. ப்ச்... ப்ச்... வாய்க்குள் வைத்துச் சூடாக்கினான். உதடு இரும்பில் ஒட்டி, தோல் உரிந்தது. அடித்தான். சின்னதாய் ஒரு நீல நெருப்பு.

இரண்டு கையாலும் பொத்திக் கண்ணாடியில் பிடித்தான்.

"முந்நூற்று நாற்பதும் தாறன் அண்ணை... உள்ளுக்கையே இருந்து பத்துங்கோ. நான் இனி ஒண்டும் சொல்லன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. பெருத்தது. பின்னால் போய், கதிரை உயரத்தில் நின்றது.

டக்.

உள்ளே விழுந்தான். அறை முழுக்கச் சுருட்டுப் புகை. புகை மணி வாய் திறக்கவில்லை. கதிரையில் ஒருவரும் இல்லை. தட்டில் சுருட்டு பாதி எரிந்து, சாம்பல் உதிராமல் கிடந்தது.

கைக்கு உணர்வு வந்தவுடன் அவன் செய்த முதல் வேலை, திருகோணமலைக்குப் போன் எடுத்தது. அங்கே விடிந்திருந்தது. காசு அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுக்க முதல் இலட்சுமிப்பிள்ளை கதைத்தா.

"தம்பி, அந்தக் காசு வேண்டாமாம். முந்நூற்று நாற்பதும் கழிஞ்சுதாம். நீங்கள் நெருப்புக் குடுத்திட்டீங்களாம்."

"ஆர் அக்கா சொன்னது?"

பக்கத்தில் ஆரோ படுத்திருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தினா.

"அவர்தான். இப்ப கொஞ்சத்துக்கு முன்னம் வந்தவர். தம்பி, அவர்ரை கை ஏன் இப்பிடி விறைச்சுக் கிடக்கு? என்ரை கையைப் பிடிச்சவர்... இன்னும் விடுறாரில்லை."