வலமாகச் சுற்றிய ராக்கெட்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். சன்னலோரத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“பாய், நெஜத்தச் சொல்லு. சொல்லலேன்னா நாளையிலேர்ந்து உன்கூட வரமாட்டேன். பஸ் ஸ்டாண்டுல புதுசா வீடியோ கேம் வெச்சிருக்கானே, அவனும் நீயும் கூட்டுதானே?”

“என்னடா கூட்டு?”

“கிரகத்தச் சுத்திக் கெடக்கிற துண்டெல்லாம் பொறுக்கிச் சேத்தாதான் கோட்டைக் கதவு தெறக்கும். நான் ராக்கெட்ட ஓட்டுனா ரோபோ எதிர்லயே வந்து சுட்டுடுது. உன்ன மட்டும் வுட்டுடுது. மிஷின்ல என்னமோ பண்ணி வெச்சிருக்கீங்க.”

“ரோபோ எப்பவும் இடமா சுத்துதுடா. நீ வலமா போயி அதும்மேல மோதுற. நான் அது போற பக்கமே போறேன். அவ்ளோதான்.”

“நடுவுல அந்தக் கிரகம் நம்ம கிரிவல மலையாட்டம் நிக்குது. அத எப்பிடிடா இடமா சுத்துறது? கை வருமா?”

“டிவி பொட்டிடா அது.”

“உனக்கு மட்டும் எப்பிடித் தோணுச்சு?”

“எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போனப்ப காபாவ இடமாத்தான் சுத்துனாராம்.”

சன்னலோரத்தவர் தூரத்தில் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் பஸ் திரும்பியபோது நண்பரின் தோளைத் தட்டினார்.

“அப்ப கடைக்காரன் இல்ல. அந்த ரோபோதான் உன் கூட்டாளி.”